உப்புவெளியிலிருந்து காஸாவுக்கு எத்தனை தூரம்?



திருகோணமலை பஸ் நிலையத்தில் நிலாவெளி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், ஏறக்குறையக் கால் மணி நேரத்தில் உப்புவெளி வந்துவிடும். ஊரின் பெயரே அதன் வரலாற்றைச் சொல்கிறது. உப்புப் பூத்த வெளி. இன்று அங்கே உப்பை விட உல்லாசப் பயணிகளே அதிகம். வீதியின் ஒரு பக்கம் விடுதிகள். அவற்றைத் தாண்டினால் வெள்ளை மணல். அதற்கப்பால் கடல். தெற்கே திரும்பிப் பார்த்தால் கோணேசர் மலை கடலுக்குள் நீட்டிக் கொண்டு நிற்கும். ஆடி, ஆவணி மாதங்களில் இந்தக் கடல் குளத்து நீரைப் போல அசையாமல் கிடக்கும். குழந்தைகளை அழைத்துச் சென்றால், திரும்பி வர மாட்டோம் என்று அடம்பிடிப்பார்கள்.

ஆனால் இந்தக் கட்டுரையை நான் எழுதுவது கடற்கரையின் அழகைச் சொல்வதற்காக அல்ல. தினமும் தொழுகைக்குப் பின் நீங்களும் நானும் கையேந்திக் கேட்கிறோமே, பலஸ்தீன மக்களுக்காக ஒரு துஆ, அதைப் பற்றிப் பேசுவதற்காக. "உப்புவெளிக்கும் பலஸ்தீனத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. என்னோடு கொஞ்சம் நடந்து வாருங்கள்.

ஒரே நிர்வாகம், இரண்டு மையவாடிகள்

நிலாவெளி வீதியோரமாக ஒரு யுத்த மையவாடி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த பிரித்தானியக் கடற்படையினரும் மற்றப் படைவீரர்களும் அங்கே அடக்கப்பட்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கற்கள். ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். பலருக்கு வயது இருபதுகளைத் தாண்டவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட கதையை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தின் எச்சம் இது. யார் பெற்ற பிள்ளைகளோ, எந்த ஊர்த் தாய்மாரோ என்ற எண்ணம் வராமல் அந்த வரிசைகளுக்கிடையே நடக்க முடியாது.

இந்த மையவாடியைப் பராமரிப்பது பொதுநலவாய யுத்த மையவாடிகள் ஆணைக்குழு. அதே ஆணைக்குழுவின் பொறுப்பில் காஸாவிலும் ஒரு மையவாடி இருக்கிறது. அது முதலாம் உலகப் போர்க் காலத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டிருக்கிறார்கள். பலஸ்தீனத் தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த அந்நியர்களின் கல்லறைகளுக்கு நீரூற்றிப் பூச்செடி வளர்த்து வந்தார்கள். 2023இல் தொடங்கிய போரில் அந்த மையவாடியும் சேதமுற்றது.

காஸாவில் அந்தப் படைவீரர்கள் ஏன் இறந்தார்கள்? துருக்கிய உஸ்மானியரிடமிருந்து பலஸ்தீனத்தைப் பிடிப்பதற்காகப் பிரித்தானியர் 1917இல் காஸாவில் மூன்று முறை போரிட்டார்கள். மூன்றாம் முறை, நவம்பர் 7ஆம் திகதி, நகரம் அவர்கள் கைக்கு வந்தது. அதற்கு ஐந்தே நாட்களுக்கு முன்னர், நவம்பர் 2ஆம் திகதி, இலண்டனில் பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் பல்போர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார். பலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசியத் தாயகம் அமைக்கப்படுவதைப் பிரித்தானியா ஆதரிக்கும் என்ற வாக்குறுதி அது. அன்று அந்த மண்ணில் வாழ்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவில் அரபு மக்கள். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அதில் அடக்கம். அந்தக் கடிதத்தில் அவர்களுக்கு ஒரு பெயர்கூட இல்லை. யூதரல்லாத சமூகங்கள் என்ற அளவில்தான் குறிப்பிடப்பட்டார்கள்.

சற்றே எண்ணிப் பாருங்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டை, அதைச் சொந்தமாகக் கொண்டிராத ஒருவர், கைக்கு வருவதற்கு முன்பே இன்னொருவருக்கு வாக்களித்துவிடுகிறார். பலஸ்தீனப் பிரச்சினையின் வேர் இதுதான். இது மார்க்கச் சண்டையாகத் தொடங்கவில்லை. காணியும் வீடும் யாருக்கு என்பதில் தொடங்கியது.

இரண்டு துறைமுகங்கள், ஒரே ஆண்டு

உப்புவெளியிலிருந்து நகருக்குத் திரும்பி, சீனக்குடாப் பக்கம் போனால், காட்டுக்குள்ளே பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகளைக் காணலாம். பிரித்தானியர் தமது போர்க் கப்பல்களுக்காகக் கட்டியவை. இன்று எஞ்சியிருப்பவை 99. இதே 1930களில்தான் பலஸ்தீனத்தின் ஹைஃபாவிலும் பிரித்தானியர் பெரிய துறைமுகத்தைத் திறந்து, ஈராக்கின் கிர்க்கூக்கிலிருந்து அங்கே எண்ணெய்க் குழாயும் கொண்டு வந்தார்கள். திருகோணமலையும் ஹைஃபாவும் ஒரே எசமானனின் இரண்டு களஞ்சியங்கள் போல இருந்தன.

அந்தக் காலத்தில் பலஸ்தீன மக்கள் சும்மா இருக்கவில்லை. 1936இல் ஆறு மாத காலம் கடையடைத்து, வேலை நிறுத்தி, நாடு முழுவதும் எதிர்ப்புக் காட்டினார்கள். 1939 வரை கிளர்ச்சி நீடித்தது. பிரித்தானியா அதைக் கடுமையாக அடக்கியது. தலைவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள், வீடுகள் தகர்க்கப்பட்டன. பத்தாண்டுகளுக்குப் பின் பெரும் ஆபத்து வந்தபோது, அந்தச் சமூகம் தலைமையின்றி, ஆயுதமின்றி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த ஆபத்து வந்த ஆண்டு 1948. இந்த ஆண்டை மறக்காதீர்கள். ஏனென்றால் அது நமது ஆண்டும்கூட. 1948 பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கைக்குச் சுதந்திரம். அதே ஆண்டு மே மாதம் 14ஆம் திகதி இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாளோடு பலஸ்தீனத்தில் பிரித்தானிய ஆட்சி முடிந்தது. ஒரே ஆட்சியாளன் ஒரே ஆண்டில் இரண்டு வீடுகளை விட்டு வெளியேறினான். நமக்குச் சுதந்திரம் கிடைத்தது. அவர்களுக்கு நக்பா, அதாவது பேரழிவு.

ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் வெறுமையாக்கப்பட்டன. ஹைஃபாவின் அரபு மக்களில் பெரும்பாலோர் அந்த ஏப்ரலில் துறைமுகத்துக்கு ஓடி, கிடைத்த படகுகளில் ஏறிப் போனார்கள். பலர் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக் கொண்டு போனார்கள். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கை. அந்தச் சாவிகள் இன்றும் பேரப்பிள்ளைகளின் வீடுகளில் தொங்குகின்றன. அகதிகள் தம் வீடுகளுக்குத் திரும்ப அனுமதிக்கப்பட வேண்டும் என்று 1948 டிசம்பர் 11ஆம் திகதி ஐ.நா. பொதுச் சபை 194ஆம் இலக்கத் தீர்மானத்தில் சொன்னது. அது இன்றுவரை காகிதத்தில் இருக்கிறது.

காஸா என்னும் சிறு நிலத்துக்கு மட்டும் சுமார் இரண்டு இலட்சம் அகதிகள் வந்து சேர்ந்தார்கள். காஸா எவ்வளவு பெரியது? 365 சதுர கிலோமீட்டர். நமது திருகோணமலை மாவட்டம் 2,700 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மாவட்டத்தில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத நிலத்தில் இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். அவர்களில் பத்துப் பேருக்கு ஏழு பேர் அளவில் 1948இல் வீடிழந்தவர்களும் அவர்களின் சந்ததியினருமே. இதை விளங்கிக் கொண்டால்தான் காஸாவை விளங்கிக் கொள்ளலாம். அது வெறும் ஒரு நகரமல்ல. வீடு திரும்பக் காத்திருப்பவர்களின் ஊர்.

கூடாரத்திலிருந்து பிறந்த இயக்கம்

அகதிக் கூடாரங்களில் வளர்ந்த பிள்ளைகள்தான் பின்னர் இயக்கம் கண்டார்கள். 1950களின் இறுதியில் குவைத்தில் வேலை செய்து கொண்டிருந்த யாசிர் அரபாத்தும் தோழர்களும் ஃபதஹ் அமைப்பைத் தொடங்கினார்கள். 1964இல் ஜெரூசலத்தில் பலஸ்தீன விடுதலை இயக்கம் அமைக்கப்பட்டது. 1967 ஜூன் போரில் மேற்குக் கரை, காஸா, மஸ்ஜிதுல் அக்ஸா அமைந்திருக்கும் பழைய நகரம் எல்லாம் இஸ்ரேலின் கைக்குப் போயின. அரபு அரசுகளை நம்பிப் பயனில்லை என்று கண்ட பலஸ்தீனர் தம் கையை நம்பினார்கள். 1969இல் அரபாத் தலைவரானார். 1974இல் ஐ.நா. பொதுச் சபையில் பேசினார்.

அதன் பின் வந்தவை ஏற்றமும் இறக்கமும். 1970–71இல் ஜோர்தானிலிருந்து வெளியேற்றம். 1982இல் பெய்ரூத்திலிருந்து வெளியேற்றம். அந்தச் செப்டெம்பரிலேயே சப்ரா, ஷத்தீலா அகதி முகாம் படுகொலை. 1987 டிசம்பரில் காஸாவில் மூண்ட இன்திஃபாதா. 1988 நவம்பரில் அல்ஜியர்ஸில் பலஸ்தீன அரசுப் பிரகடனம். 1993இல் ஒஸ்லோ உடன்படிக்கை. 2004 நவம்பரில் அரபாத்தின் மறைவு. 2006 தேர்தலில் ஹமாஸின் வெற்றி. 2007இல் காஸா ஒரு கையிலும் மேற்குக் கரையின் நிர்வாகம் இன்னொரு கையிலுமாகப் பிரிந்த துயரம். வெளியிலிருந்து வந்த அடியோடு, உள்ளே விழுந்த பிளவும் அந்த மக்களைப் பலவீனப்படுத்தியது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் சகோதரிகளே, இந்த வரலாற்றைத் தலைவர்களின் பெயர்களாலும் ஆண்டுகளாலும் மட்டும் படித்தால் பாதியைத்தான் படித்தவர்களாவோம். மறுபாதி பெண்களுடையது.

1929 ஒக்டோபரிலேயே ஜெரூசலத்தில் பலஸ்தீனப் பெண்கள் மாநாடு கூடி, தம் கோரிக்கைகளைப் பிரித்தானிய உயர் ஆணையாளரிடம் நேரில் கொண்டு போய்க் கொடுத்தது. 1948 ஏப்ரலில் தைர் யாசீன் கிராமத்தில் படுகொலை நடந்தபோது, அநாதைகளாகத் தெருவில் விடப்பட்ட 55 குழந்தைகளை ஹிந்த் அல்-ஹுசைனி என்ற பெண்மணி கண்டார். அந்தக் குழந்தைகளை எடுத்து வளர்க்கத் தொடங்கியதுதான் ஜெரூசலத்தின் தாருத் திஃப்ல் இல்லமாகவும் பெண்கள் பாடசாலையாகவும் வளர்ந்தது. 1965இல் ஸமீஹா கலீல் அல்-பீரா நகரில் தொடங்கிய இன்ஆஷுல் உஸ்ரா என்ற சங்கம் பல பெண்களுக்குத் தையலும் தொழிலும் கொடுத்தது. அதே ஸமீஹா கலீல் 1996இல் ஜனாதிபதித் தேர்தலில் அரபாத்தை எதிர்த்தே போட்டியிட்டார்.

முதலாம் இன்திஃபாதாவின்போது இஸ்ரேல் பாடசாலைகளை மூடியது. பெண்கள் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் வகுப்பு நடத்தினார்கள். முற்றங்களில் காய்கறி போட்டார்கள். பலஸ்தீனக் கொடியைப் பிடிப்பது குற்றமாக்கப்பட்டிருந்தது. பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கொடியின் நிறங்களைத் தம் ஆடையில் ஊசி நூலால் பின்னி உடுத்துக் கொண்டார்கள். தத்ரீஸ் எனப்படும் அந்தப் பூவேலையில் ஊருக்கு ஊர் மாதிரி வேறு. ஆடையைப் பார்த்தே இந்தப் பெண் எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடலாம். அழிக்கப்பட்ட ஊரின் மாதிரியைத் தாய் மகளுக்குக் கற்றுக் கொடுப்பாள். ஊர் போனாலும் தையலில் ஊர் இருந்தது. 2021இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டது.

இலங்கை காட்டிய நட்பு

நம் நாடு இந்த விடயத்தில் பல காலம் நல்ல பெயர் எடுத்தது. 1956இல் பிரித்தானியா, பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் சேர்ந்து எகிப்தைத் தாக்கிய மறு ஆண்டே, 1957 ஒக்டோபரில், திருகோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியரிடமிருந்து நம் கைக்கு வந்தது. 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு இஸ்ரேலுடனான உறவை நிறுத்தியது. 1976 ஓகஸ்டில் கொழும்பில் அணிசேரா நாடுகளின் மாநாடு நடந்த அந்த ஆண்டிலேயே பலஸ்தீன விடுதலை இயக்கம் அந்த அணியின் முழு அங்கத்துவம் பெற்றது. 1988 நவம்பரில் பலஸ்தீன அரசு பிரகடனமான மாதமே இலங்கை அதை அங்கீகரித்தது.

ஆனால் இடையில் 1984 வந்தது. உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டது. ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசு இராணுவ உதவி தேடி, கொழும்பிலிருந்த அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன்காப்புப் பிரிவு ஒன்றைத் திறக்க இடம் கொடுத்தது. அன்றைய வெளிநாட்டமைச்சர் ஏ. சி. எஸ். ஹமீத் ஒரு முஸ்லிம். முஸ்லிம் சமூகம் கொதித்தது. 1990இல் பிரேமதாச அரசு அந்தப் பிரிவை மூடியது. 2000ஆம் ஆண்டு மே மாதம், ஆனையிறவு வீழ்ந்த நெருக்கடியில், உறவு முழுமையாகத் திரும்பவும் ஏற்படுத்தப்பட்டது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 1970களின் நடுவில் இலண்டனில் உருவான ஈரோஸ் என்ற தமிழ் இயக்கத்தின் இளைஞர்கள், அங்கிருந்த பலஸ்தீன விடுதலை இயக்கப் பிரதிநிதி சயீத் ஹம்மாமியின் தொடர்பால் லெபனானுக்குப் போய் ஃபதஹ் முகாம்களில் பயிற்சி பெற்றார்கள். ஆக, தமிழ் இளைஞர் சிலர் பலஸ்தீனரிடம் பயின்றார்கள். அரசு இஸ்ரேலியரிடம் பயின்றது. பலஸ்தீனத்துக்காகத் துஆக் கேட்ட முஸ்லிம்கள் நடுவில் நின்று இருபக்கமும் அடி வாங்கினார்கள்.

கிபிரும் டோராவும்

இப்போது ஒரு வீட்டுக்குள் போவோம். உப்புவெளியைக் கடந்து நிலாவெளிப் பக்கம், ஓர் அஸர் நேரம். வீட்டுக்கார ராத்தா மூதூரில் பிறந்தவர். தொலைக்காட்சியில் காஸாவின் செய்தி. இடிந்த கட்டடத்துக்குள்ளிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிக் கொண்டு ஓடுகிறார்கள். ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண் சீனி வாங்க வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர் அவர்.

"இருங்க பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். பாருங்க, அந்தப் பச்சைப் பிள்ளைய."

"பாத்துக்கொண்டுதான் நிக்கிறன் அக்கா. எனக்கு இந்தச் சத்தம் தெரியும். சம்பூருக்குக் கிபிர் வந்தண்டைக்கு நாங்க பத்தைக்குள்ளதான் படுத்துக் கிடந்தம்." கொஞ்சம் நிறுத்தி, மெல்லச் சொன்னார்: "அண்டைக்கு எங்களுக்காக உங்கட ஊரில யாரும் அழுத மாதிரித் தெரியல்ல அக்கா."

ராத்தா உடனே பதில் சொல்லவில்லை. தேநீரை ஆற்றிக் கொண்டே சொன்னார்: "உண்மதான் பிள்ளை. எங்கள மூதூரில இருந்து கந்தளாய்க்கு நடக்க விட்டப்ப, உங்கட ஆக்களும் யாரும் அழல்லத்தானே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். பிறகு ராத்தா சீனிப் போத்தலை எடுத்து நீட்டினார். நான் அந்தத் திண்ணையில் கற்றுக்கொண்டது பல புத்தகங்களில் கிடைக்காதது.

கிபிர் என்றால் என்ன? வட கிழக்கில் தமிழ் பேசும் குழந்தைக்கும் தெரிந்த சொல் அது. 1996 முதல் இலங்கை விமானப்படை பயன்படுத்திய குண்டு வீச்சு விமானம். இஸ்ரேலில் செய்யப்பட்டது. ஹீப்ரு மொழியில் அந்தப் பெயருக்குச் சிங்கக்குட்டி என்று பொருள். டோரா என்று நம்மவர் சொன்ன வேகப் படகும் அப்படியே. 1980களில் இருந்து கடற்படை வாங்கியது. தேனீ என்று பொருள் தரும் ஹீப்ருச் சொல்லிலிருந்து வந்த பெயர். திருகோணமலைக் கடலில் மீன்பிடிக்கப் போனவர்கள் அந்தத் தேனீயின் இரைச்சலை நன்றாக அறிவார்கள். காஸாவின் மேல் இன்று பறப்பது கிபிர் அல்ல, வேறு விமானங்கள். ஆனால் நிலத்தில் படுத்துக் காதைப் பொத்திக் கொள்ளும் தாய்க்கு விமானத்தின் பெயரா முக்கியம்?

ஒரே தராசு

பலஸ்தீனர் வைத்திருப்பது சாவி. நம் ஊரில் ஓடும்போது மக்கள் எடுத்துக் கொண்டு ஓடுவது காணி உறுதி. அலுமாரியின் அடித்தட்டில் பொலித்தீன் பையில் சுற்றி, அடையாள அட்டையோடும் பிறப்புச் சான்றிதழோடும் வைத்திருப்பார்கள்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து விரட்டினார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள்.

அதே 2006இல் சம்பூர்த் தமிழர்கள் விமானக் குண்டுகளுக்குத் தப்பி ஓடினார்கள். போர் 2009 மே மாதம் முடிந்த பின்னும் அவர்கள் காணிக்குள் போக முடியவில்லை. அங்கே அனல் மின்நிலையமும் பொருளாதார வலயமும் வரப் போவதாகச் சொன்னார்கள். 2015இல்தான் நிலம் விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். உப்புவெளியிலேயே அலஸ்தோட்டத்தில் பல ஆண்டுகள் தமிழ் அகதிகளின் முகாம் இருந்தது. 1996 பெப்ரவரியில் இதே மாவட்டத்தின் குமாரபுரத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்படத் தமிழ்க் கிராமத்தவர்கள் இராணுவத்தினரால் கொல்லப்பட்டார்கள். கிழக்கில் சில இடங்களில் ஊர்காவல் படை என்ற பெயரில் நம்மவர் கைகளும் கறைபட்டன என்பதை அல்லாஹ்வுக்கு அஞ்சி ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? பலஸ்தீனத் தாய் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "என் வீட்டுக்கு நான் திரும்ப வேண்டும்." அந்தக் கோரிக்கை நியாயமென்றால், யாழ்ப்பாணத்து முஸ்லிம் பெண் கேட்டதும் நியாயம். சம்பூர்த் தமிழ்ப் பெண் கேட்டதும் நியாயம். காஸாவுக்கு ஒரு தராசு, சம்பூருக்கு ஒரு தராசு என்று வைத்திருப்பவரின் துஆவில் கண்ணீர் இருக்கலாம், நீதி இருக்காது. நமது சொந்த உறவினருக்கு எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்து நிற்கும்படி குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது.

அந்தத் தராசின் மறு தட்டையும் பார்க்க வேண்டும். 2023 ஒக்டோபர் 7ஆம் திகதி ஹமாஸின் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். 250 பேர் அளவில் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் இருந்தார்கள். போரிலும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நமது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்தத் தடை எதிரியின் குழந்தைக்கும் சேர்த்துத்தான். அதற்குப் பின் காஸாவில் நடந்ததோ உலகம் அண்மையில் காணாத அழிவு. 2025 ஒக்டோபர் 10ஆம் திகதி போர்நிறுத்தம் வந்தபோது, காஸாவின் சுகாதார அமைச்சு எண்ணிய மரணங்கள் 67,000ஐத் தாண்டியிருந்தன. போர்நிறுத்தத்தோடு மரணமும் நின்றுவிடவில்லை.

உப்புவெளி, அறுகம்பைக் கரைகளுக்கு இஸ்ரேலிய இளைஞர்களும் பயணிகளாக வருகிறார்கள். அவர்களைக் கண்டதும் நம் பிள்ளைகள் கல்லெடுக்கக் கூடாது. யூதர் வேறு, பிறர் நிலத்தைப் பறிக்கும் அரசியல் வேறு. இந்தப் போரை எதிர்த்துத் தெருவில் இறங்கிய யூதர்களும் உலகெங்கும் உண்டு. வழிப்போக்கருக்கு நம் கரையில் பாதுகாப்பு. அநீதிக்கு நம் வாயால் எதிர்ப்பு. இரண்டும் ஒரே ஈமானிலிருந்துதான் வருகின்றன.

நாம் என்ன செய்யலாம்?

2024 ரமழானில் இப்தார் வைபவங்களுக்கு ஒதுக்கிய பணத்தைக் காஸாக் குழந்தைகளுக்கான நிதிக்குக் கொடுக்கும்படி நம் அரசு கேட்டது. அந்த நிதியிலிருந்து பத்து இலட்சம் அமெரிக்க டொலர் பலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. பல இல்லத்தரசிகளின் சிறுவாட்டுக் காசும் அதில் கலந்திருக்கும். நல்ல காரியம்.

அதோடு வீட்டில் செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்கிறேன். ஒன்று, பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றை ஆண்டுகளோடு சொல்லிக் கொடுங்கள். பல்போர் 1917, நக்பா 1948, 1967, இன்திஃபாதா 1987. அறியாதவனின் கோபம் வைக்கோல் நெருப்பு. அறிந்தவனின் கோபம் நின்று எரியும் விளக்கு. இரண்டு, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அவர்களின் இடம்பெயர்வுக் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். பலஸ்தீனப் பெண்கள் ஊரைத் தையலில் காத்தது போல, நாம் எழுத்தில் காப்போம். மூன்று, வேலிக்கு அப்பாலுள்ள வீட்டுப் பெண்ணிடம் அவரது கதையையும் கேளுங்கள். சீனி கேட்டு வரும்போது உட்கார வையுங்கள்.

2025 செப்டெம்பர் 21ஆம் திகதி பிரித்தானியா பலஸ்தீன அரசை அங்கீகரித்தது. பல்போர் கடிதத்துக்கு 108 ஆண்டுகள் கழித்து. அங்கீகாரம் வீட்டைத் திருப்பித் தராது என்பது உண்மைதான். ஆனால் அன்று பெயரே எழுதப்படாத மக்களுக்கு அதே நாடு இன்று பெயர் சொல்ல நேர்ந்ததே, அது தானாக வந்ததல்ல. சாவியைக் கைவிடாத பாட்டிமார்களும், ஊசியைக் கைவிடாத தாய்மார்களும் சேர்ந்து கொண்டு வந்தது.

மாலையில் உப்புவெளிக் கரையில் நின்றால் மஃரிபுக்குப் பாங்கு கேட்கும். சற்றுத் தள்ளிக் கோயில் மணியும் கேட்கும். அடுத்த முறை நீங்கள் அங்கே கையேந்தும்போது, காஸாவோடு சம்பூரையும் மூதூரையும் யாழ்ப்பாணத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள். வீடிழந்த ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டில் சேர்ப்பாயாக, யா அல்லாஹ். பைத்துல் முகத்தஸின் மண்ணில் அமைதியையும் நீதியையும் தருவாயாக. ஆமீன்.